அமலா போடாத கையெழுத்து

கல்கத்தாவின் அலிப்பூரில் ஓர் அரசு வங்கிக் கிளையில் கடன் பிரிவு அதிகாரியாக இருந்தாள் அமலா. 2006 ஜூன் மாதம், மழை பிடிக்கத் தொடங்கியிருந்த ஒரு மத்தியானம், அவள் மேஜை ஃபோன் அடித்தது. பேசியவன் இந்தியில் பேசினான். ஜெயந்த் உங்கள் தம்பிதானே என்று கேட்டான். ஆமாம் என்றதும் குரல் மாறியது. அவருடைய கிரெடிட் கார்டு பாக்கி நாலு மாதமாக வரவில்லை, விண்ணப்பத்தில் உங்கள் பெயரையும் இந்த நம்பரையும்தான் கொடுத்திருக்கிறார், அவர் எங்கே ஒளிந்திருக்கிறார் என்று நீங்கள் சொல்லித்தான் ஆக வேண்டும் என்றான்.

எதிரே ஒரு வாடிக்கையாளர் உட்கார்ந்திருந்தார். அமலா அவர் முகத்தைப் பார்க்காமல், ராங் நம்பர் என்று சொல்லி வைத்துவிட்டாள். வைத்த பிறகுதான், முதலில் ஆமாம் என்று ஒப்புக்கொண்டது நினைவுக்கு வந்தது.

ஜெயந்தின் மொபைலுக்கு லைன் கிடைக்கவில்லை. அவனுடைய கம்ப்யூட்டர் கடை நம்பரில் மணி அடித்துக்கொண்டே இருந்தது. அரை நாள் லீவு சொல்லிவிட்டு அவள் டாக்ஸி பிடித்து ஜாதவ்பூர் போனாள். கடையின் ஷட்டர் இறக்கியிருந்தது. வாடகைக்கு விடப்படும் என்று வங்காளியில் எழுதிய அட்டை அதில் தொங்கியது. பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரர், பிப்ரவரியில் சரஸ்வதி பூஜைக்கு அப்புறம் ஜெயந்த் அண்ணன் கடையைத் திறக்கவே இல்லையே, உங்களுக்குத் தெரியாதா என்று கேட்டார்.

அங்கேயே நின்று தம்பி வீட்டுக்கு ஃபோன் செய்தாள். தம்பி மனைவி மாதவிதான் எடுத்தாள். "அவர் கடைக்குப் போயிருக்காரே அக்கா. சாயங்காலம்தான் வருவார். ஏதாவது அவசரமா?" என்றாள். ஒன்றுமில்லை, வந்தால் பேசச் சொல் என்று அமலா சொல்லிவிட்டாள்.

அவர்களுடைய அப்பா போர்ட் ட்ரஸ்ட் ஆபீஸில் வேலை பார்த்தவர். கல்கத்தாவில் பிறந்து கல்கத்தாவிலேயே இறந்தவர். ஜெயந்த் காலேஜில் படித்துக்கொண்டிருந்தபோது அவர் போனார். அம்மா அதற்கு முன்பே போய்விட்டாள். பன்னிரண்டு வயது மூத்தவளான அமலாதான் அவனைப் படிக்கவைத்தாள். அவள் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அப்பா வாங்கிய ஜாதவ்பூர் ஃபிளாட் இருவர் பெயரிலும் இருந்தது. ஜெயந்துக்குக் கல்யாணம் ஆனதும் அதை அவர்களுக்கு விட்டுவிட்டு, லேக் மார்க்கெட் பக்கம் ஒரு வாடகை வீட்டுக்குப் போனாள்.

ஜெயந்த் ஒரு தேயிலைக் கம்பெனியின் ஆபீஸில் கணினிப் பிரிவில் இருந்தான். 2002ல் கம்பெனி ஆட்களைக் குறைத்தபோது பணம் வாங்கிக்கொண்டு வெளியே வந்து, சைபர் கஃபேக்களுக்குக் கம்ப்யூட்டர் பொருத்திக் கொடுக்கும் தொழில் ஆரம்பித்தான். அப்போது ஜாதவ்பூரில் தெருவுக்குத் தெரு கஃபே. ஒரு தனியார் வங்கி எந்த ஈடும் கேட்காமல் ஓவர்டிராஃப்ட் கொடுத்தது. கார்டு விற்கிறவர்கள் கடைக்கே வந்து கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார்கள். தொழிலுக்கு முதல் போட்டதில் பாதி அமலாவின் சேமிப்பு. கூட்டாளி பிரிந்து போனபோது அவனுக்குக் கொடுக்க வேண்டியதையும் அவள்தான் கொடுத்தாள். பிறகு வீடுகளுக்கே இன்டர்நெட் வந்தது. கஃபேக்கள் ஒவ்வொன்றாக மூடின. அவர்கள் கொடுக்க வேண்டிய பாக்கியும் அதோடு நின்றது.

அன்று சாயங்காலம் ஜெயந்த் அமலாவின் வீட்டுக்கு வந்தான். தாடி வளர்ந்திருந்தது. உட்காரச் சொன்னாள், உட்கார்ந்தவன் உடனே எழுந்து பால்கனிக்குப் போனான், தெருவை எட்டிப் பார்த்தான், திரும்பி வந்தான். கீழே மோட்டார் சைக்கிள் நின்றால் பேச்சை நிறுத்தினான். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னான். ஓவர்டிராஃப்ட், ஒரு பர்சனல் லோன், ஐந்து கார்டு. ஒரு கார்டில் ரொக்கம் எடுத்து இன்னொரு கார்டுக்குக் கட்டியிருந்தான். அப்படியே ஒரு வருஷம் ஓட்டியிருந்தான். எல்லாம் சேர்ந்து ஒன்பது லட்சத்தைத் தாண்டியிருந்தது. காலையில் டிபன் டப்பாவை எடுத்துக்கொண்டு கிளம்பி, ஜாதவ்பூர் ஸ்டேஷனில் ஏதாவது லோக்கல் ட்ரெயின் ஏறி, கானிங் வரை போய்த் திரும்புவதாகச் சொன்னான். சோனார்பூர் தாண்டினால் சிக்னல் போய்விடும், ஃபோன் அடிக்காது என்றான்.

அமலா காப்பி கலந்து வைத்தாள். அவன் அதைத் தொடவில்லை.

"உன் பி.எஃப்.லேர்ந்து எடுக்கலாம். ஸ்டாஃப் லோன் வட்டி கம்மி. நான் மாசாமாசம் உனக்குக் கட்டிடறேன். அவாளுக்குக் கட்டறதுக்குப் பதிலா உனக்குக் கட்டறேன், அவ்வளவுதானே?" என்றான்.

அமலா பி.எஃப். கணக்கை மனதில் போட்டுப் பார்த்தாள். பணம் இருந்தது. அவளுடைய ஓய்வுக்காலத்துக்கு என்று இருந்ததே அது ஒன்றுதான். அதைவிட, அவனுக்கு இரண்டு முறை கொடுத்துப் பார்த்திருந்தாள். கொடுத்த இரண்டு முறையும் அவன் முகம் ஒரே நாளில் தெளிந்ததையும், பிறகு அவன் அதைப் பற்றி யோசிக்காமலே இருந்துவிட்டதையும் பார்த்திருந்தாள்.

"பணம் தரமாட்டேன்டா" என்றாள். "ஆனா ஒவ்வொரு பாங்குக்கும் உன்கூட வரேன். யாருக்கு எவ்வளவு, மாசம் எவ்வளவு முடியும்னு சொல்லிக் கேப்போம். கேட்டா இறங்கி வருவா. ஓடற வரைக்கும்தான் துரத்துவா. முதல்ல மாதவிகிட்ட சொல்லு."

அவன் அவளையே பார்த்துக்கொண்டு நின்றான். "நீ அக்காவாப் பேசலை. பாங்க்காரியாப் பேசறே" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனான்.

அடுத்த வாரம், மாதக் கடைசியில், அமலா ஆபீஸுக்குக் கிளம்பும்போது மாதவி ஃபோன் செய்தாள். இரண்டு பேர் வந்து வாசல்படியில் உட்கார்ந்திருக்கிறார்கள், உன் புருஷன் திருடன் என்று மாடிக்கும் கீழுக்கும் கேட்கும்படி கத்துகிறார்கள், மகள் அனன்யாவைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்ப முடியவில்லை என்றாள். ஜெயந்த் எப்போதும்போலக் காலையிலேயே கிளம்பிப் போயிருந்தான்.

அமலா போய்ச் சேர்ந்தபோது அவர்கள் எதிர் ஃபிளாட்டில் எல்லோரும் மாஷிமா என்று கூப்பிடும் வங்காளி மாமியிடம் கதை சொல்லிக்கொண்டிருந்தார்கள். கழுத்தில் சங்கிலி போட்ட ஒருவன், கையில் ஹெல்மெட்டோடு இன்னொருவன். அமலா வங்காளியில் அவர்களிடம் அடையாள அட்டையைக் கேட்டாள். எந்த வங்கி அனுப்பியது, அதற்கான அதிகாரக் கடிதம் எங்கே என்று கேட்டாள். சங்கிலிக்காரன் சிரித்தான். நீங்கள் யார் என்றான். நானும் பாங்குதான் என்றாள். கடிதம் இல்லாமல் படியில் உட்கார்ந்தால் போலீஸுக்கும் ரிசர்வ் வங்கிக்கும் எழுதுவேன் என்றாள். அவர்கள் எழுந்தார்கள், ஆனால் அவசரப்படவில்லை. மறுபடியும் வருவோம் அண்ணி என்று மாதவியைப் பார்த்துச் சொல்லிவிட்டு இறங்கினார்கள்.

பிறகு உள்ளே உட்கார்ந்து, தனக்குத் தெரிந்ததையெல்லாம் அமலா மாதவியிடம் சொன்னாள். மாதவி வீட்டிலேயே பத்துப் பதினைந்து பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுப்பவள். அழவில்லை. டிபன் டப்பாவை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாள். "தினமும் நான்தானே கட்டிக் குடுத்தேன். சாயங்காலம் காலி டப்பா வரும். வேலையெல்லாம் எப்படின்னு கேப்பேன், பரவாயில்லைம்பார்" என்றாள்.

ஜெயந்தின் மொபைல் அன்று முழுவதும் கிடைக்கவில்லை. மத்தியானத்துக்கு மேல் மாதவிக்கு வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை, அமலாவுக்கும்தான். யாராவது அவனிடம் சொல்லியிருப்பார்களோ, அந்த ஆட்கள் வந்து கத்தியது தெரிந்து ஏதாவது செய்துகொண்டுவிடுவானோ என்ற எண்ணம் வந்த பிறகு அது போகவில்லை. மாதவியை ஃபோன் பக்கத்தில் இருக்கச் சொல்லிவிட்டு, அமலா ஒரு டாக்ஸியில் ஹூக்ளி ஆற்றங்கரையில் இருக்கும் பாபுகாட் படித்துறைக்குப் போனாள். ஆற்றில் லாஞ்சுகள் வருவதும் போவதுமாக இருந்தன. படித்துறையில் உட்கார்ந்திருந்த ஆண்களின் முதுகுகளைப் பார்த்துக்கொண்டே நடந்தாள். அவனுடையதுபோல் கட்டம் போட்ட சட்டை தெரிந்தால் வேகமாக நடந்து முகத்தைப் பார்த்தாள். அங்கிருந்து அடுத்த படித்துறை, அதற்கடுத்தது. பணம் தரமாட்டேன் என்று எந்தக் குரலில் சொன்னோம் என்று யோசித்துப் பார்த்தாள். குரல் நினைவுக்கு வரவில்லை. மழை வந்தது. டாக்ஸிக்காரர், யாரைத் தேடுகிறீர்கள் அக்கா என்று கேட்டார். தம்பியை என்றாள். அவர் வேறொன்றும் கேட்காமல் மெதுவாக ஓட்டினார்.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு அவள் ஜாதவ்பூர் திரும்பியபோது ஜெயந்த் வீட்டில் இருந்தான். கானிங்கிலிருந்து திரும்பும் வண்டி தண்டவாளத்தில் தண்ணீர் நின்றதால் தாமதமாம். மாதவி அவனுக்கு எதிரே நின்றிருந்தாள். "நாளைலேர்ந்து எங்க போனாலும் என்கிட்ட சொல்லிட்டுப் போகணும்" என்று மட்டும் சொன்னாள். அவன் தலையாட்டினான். பிறகு அவள் உள்ளே போய்த் தன் வளையல்களைக் கொண்டுவந்து அமலாவின் மடியில் வைத்தாள்.

அமலா அவற்றைத் திருப்பிக் கொடுத்தாள். கடன் கொடுத்தவர்கள் யாரும் வளையலின் பேரில் கொடுக்கவில்லை, இதைத் தொட இவர்களுக்கு உரிமை கிடையாது என்றாள். அடகு வைத்தால் அந்தக் கடன் போய் வேறு கடன் வரும்; அது வளையலையும் கொண்டுபோய்விடும் என்று விளக்கினாள்.

ஓவர்டிராஃப்ட் கொடுத்த தனியார் வங்கி பார்க் ஸ்ட்ரீட் பக்கம் இருந்தது; அமலாவும் ஜெயந்தும் முதலில் அங்கே போனார்கள். மேலாளர் தத்தா முப்பத்தைந்து வயதுக்காரர். மரியாதையாகப் பேசினார், டீ வரவழைத்தார். ஜெயந்த் தன் நிலைமையைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவர் ஒரு யோசனை சொன்னார். ஓவர்டிராஃப்ட், கார்டுகள், லோன் எல்லாவற்றையும் தாங்களே அடைத்துவிடுகிறோம். ஒரே கடனாக மாற்றி ஏழு வருஷத்தில் கட்டலாம். வட்டி பாதிக்கும் கீழே. இனி யாரும் வீட்டுக்கு வரமாட்டார்கள். ஜாதவ்பூர் ஃபிளாட்டின் பத்திரத்தை மட்டும் வைத்தால் போதும்.

ஜெயந்தின் தோள் தளர்ந்து இறங்கியது அமலாவுக்குத் தெரிந்தது. பல மாதங்களுக்குப் பிறகு அவன் நாற்காலியில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தான். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று கேட்டான். ஃபிளாட் இருவர் பெயரில் இருப்பதால் அக்காவும் போட வேண்டும் என்றார் தத்தா.

"நான் போடமாட்டேன்" என்றாள் அமலா.

வீட்டை விற்கச் சொல்லவில்லையே மேடம், பத்திரம் எங்களிடம் பத்திரமாக இருக்கப்போகிறது, அவ்வளவுதானே என்றார் தத்தா. அவர் பொய் சொல்லவில்லை என்பது அமலாவுக்குத் தெரியும். உங்கள் நாற்காலியில் நான் இருந்தாலும் இதையேதான் கேட்டிருப்பேன் என்று அவரிடம் சொன்னாள். இன்றைக்கு இவனிடம் பணம் வரவில்லை என்றால் நீங்கள் கோர்ட்டுக்குப் போக வேண்டும், அது வருஷக்கணக்கில் இழுக்கும். வீட்டுப் பத்திரம் உங்கள் கைக்கு வந்துவிட்டால் கோர்ட் வேண்டாம், ஒரு நோட்டீஸ் போதும். இவனுக்கு இன்னும் வேலை கிடைக்கவில்லை. மூன்று தவணை தவறினால் வீடு போகும் என்றாள். அதற்குப் பதிலாக, வட்டியை நிறுத்தி அசலை மாதத் தவணையாக வாங்கிக்கொள்ள முடியுமா என்று கேட்டாள். அது என் அதிகாரத்தில் இல்லை, எழுதிக் கொடுங்கள், மேலே அனுப்புகிறேன் என்றார் தத்தா.

வெளியே வந்ததும் ஜெயந்த் நடைபாதையிலேயே நின்றுவிட்டான். "அந்த வீடு உனக்கு எதுக்கு? வேண்டாம்னுதானே எங்களுக்கு விட்டே?" என்றான்.

"எனக்கு வேண்டாம்தான். மாதவிக்கும் அனன்யாவுக்கும் வேணும்."

"அவா உன்னைக் கேட்டாளா?"

"கேக்கலை."

"எல்லாம் இன்னிக்கே முடிஞ்சிருக்கும் அக்கா. இன்னிக்கே. நான் தூங்கியிருப்பேன்."

அவன் நம்பரைக்கூடப் பார்க்காமல் வந்து நின்ற ஒரு பஸ்ஸில் ஏறிப் போனான்.

அதன் பிறகு அவன் அவளோடு பேசவில்லை. அமலாவால் ஆபீஸில் ஒழுங்காக உட்கார முடியவில்லை. ஃபைலைப் பாதியில் மூடிவிட்டுத் தண்ணீர் குடிக்க எழுந்து போவாள், குடிக்காமல் திரும்பி வருவாள். எதிரே உட்கார்ந்து யாராவது தவணைக்கு அவகாசம் கேட்டால், அவர்கள் சொல்வது பாதி காதில் விழாது. தான் சரியாகச் செய்தோமா என்ற கேள்விக்குக் காலையில் ஒரு பதிலும் சாயங்காலம் ஒரு பதிலும் வந்தது. அடுத்த நாள் போய்க் கையெழுத்துப் போட்டுவிடலாம் என்று இரண்டு முறை முடிவு செய்தாள்.

ஒரு நாள் மாதவி கிளைக்கே வந்தாள். குடையை மடக்கி நாற்காலிக்கு அடியில் வைத்துவிட்டு, கவுண்டரில் நிற்கும் கூட்டத்தைப் பார்த்தபடி பேசினாள். அந்த ஆட்கள் மறுபடி வந்தார்களாம். கையெழுத்துப் போடச் சொல்லி அக்காவிடம் நீயாவது கேள் என்று ஜெயந்த் சொன்னானாம்.

"அதுக்காக வரலை. அவர் கேட்டா நீங்க கையெழுத்துப் போடாதீங்கோ அக்கா" என்றாள். குடையை எடுத்துக்கொண்டு எழுந்தவள், "நான் வந்து கேட்டாலும் போடாதீங்கோ. படியில சத்தம் கேட்டா நானே கேட்டுடுவேன்" என்றாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள்தான் ஜெயந்தை அழைத்துக்கொண்டு லேக் மார்க்கெட் வந்தாள். அவன் அமலாவின் முகத்தைப் பார்க்காமல் உட்கார்ந்தான். கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னான். மூவருமாக, மாதம் எவ்வளவு கட்ட முடியும் என்று பார்த்தார்கள். டியூஷன் வருமானத்தில் வீட்டுச் செலவு போக மிஞ்சுவது சொற்பம். அந்தச் சொற்பத்தைக் கடன் கொடுத்தவர்கள் எல்லோருக்கும் அவரவர் கடனின் அளவுக்கேற்பப் பிரித்து, இதற்கு மேல் இப்போது முடியாது, வட்டியை நிறுத்துங்கள் என்று ஏழு கடிதம் எழுதினார்கள். ஆட்கள் வீட்டுக்கு வந்து கத்தியதைப் பற்றி, ரிசர்வ் வங்கியில் இருந்த வங்கிக் குறை தீர்க்கும் அதிகாரிக்குத் தேதியோடு புகார் எழுதினார்கள். எதிர் ஃபிளாட் மாஷிமா, தான் நேரில் கேட்டதாகக் கையெழுத்துப் போட்டாள்.

துர்கா பூஜைக்கு முன்பே அந்த ஆட்கள் வருவது நின்றது. ஃபோன்கள் நிற்கவில்லை, ஆனால் ஜெயந்த் அவற்றை எடுத்தான். முதல் முறை எடுத்தபோது எழுந்து நின்றுகொண்டு பேசினான் என்று மாதவி அமலாவிடம் சொன்னாள். என்ன முடியும், எந்தத் தேதியில் முடியும் என்பதை மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிடுவானாம். நவம்பரில் கார்டன் ரீச் பக்கம் ஒரு சிறிய இன்ஜினியரிங் கம்பெனியில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை கிடைத்தது. சம்பளம் தேயிலைக் கம்பெனியில் வாங்கியதைவிடக் குறைவு. இரண்டு பஸ் மாற வேண்டும்.

கார்டு வங்கிக்காரர்கள் மார்ச்சில் கணக்கு முடிக்கும்போது இறங்கி வருவார்கள், அதுவரை பொறு என்று அமலா சொல்லியிருந்தாள். அந்தச் சமயத்தில் கையில் கொஞ்சம் மொத்தப் பணம் வேண்டுமே என்பதற்காக, ஜெயந்த் தனக்கு வர வேண்டிய பாக்கியைக் கேட்டு மூடிப்போன கஃபேக்களின் சொந்தக்காரர்களைத் தேடிப் போனான். ஒருவர் வீட்டில் இல்லை என்று அவர் மனைவி கதவைப் பாதி திறந்து சொன்னாள். உள்ளே இருமல் கேட்டது. ஜெயந்த் படியில் உட்காரவில்லை. மாதம் ஐந்நூறு கொடுத்தாலும் போதும் என்று ஒரு சீட்டில் தன் நம்பரை எழுதிக் கொடுத்துவிட்டு வந்தான். அந்த மனிதர் கடைசிவரை கொடுக்கவில்லை. வேறு இரண்டு பேர் கொடுத்தார்கள். அந்தப் பணத்தில் மார்ச் மாதம் நாலு கார்டுகளைப் பாதிக்கும் குறைவான தொகைக்கு முடித்து, இனி பாக்கியில்லை என்று எழுத்தில் வாங்கினான். ஐந்தாவது வங்கி வழக்குப் போட்டது. அலிப்பூர் கோர்ட்டில் மூன்று முறை போய் நின்றான். அப்புறம் அதுவும் தவணையில் முடிந்தது. பர்சனல் லோன்காரர்கள் வட்டியைக் குறைத்தார்கள், நிறுத்தவில்லை. தத்தா அனுப்பிய கடிதத்துக்கு ஆறு மாதம் கழித்து மேலிடத்திலிருந்து சம்மதம் வந்தது. வட்டி நின்றது, அசல் மூன்று வருஷத் தவணை.

இதையெல்லாம் அமலா பெரும்பாலும் மாதவி மூலமாகத்தான் தெரிந்துகொண்டாள். ஜெயந்த் விஜயதசமிக்கு வந்து நமஸ்காரம் பண்ணுவான், அனன்யாவைக் கொண்டுவந்து விடுவான். வேண்டியதைப் பேசுவான். பழைய பேச்சு வரவில்லை. முன்பெல்லாம் ஆபீஸ் வம்பு, கிரிக்கெட், மீன் மார்க்கெட்டில் தமிழ் பேசின வங்காளி என்று எதையாவது கொண்டுவந்து கொட்டுவான். அது எங்கே போயிற்று என்று அவள் மாதவியிடம் கேட்கவும் இல்லை.

ஓவர்டிராஃப்டின் கடைசித் தவணை 2009 டிசம்பரில் முடிந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை ஜெயந்த் தனியாக வந்தான். கணக்கு முடிந்ததற்கான கடிதத்தை அவளிடம் நீட்டினான். அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பாங்குக்காரர்கள் படிப்பதுபோலத் தேதியிலிருந்து கையெழுத்து வரை முழுவதும் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். சரியாக இருக்கிறது என்றாள். தோசை வார்க்கட்டுமா என்று கேட்டாள். வார்க்கச் சொன்னான்.

சமையலறை வாசலில் நின்று அவள் மாவு ஊற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அக்கா, அன்னிக்கு உன்கிட்ட பணம் இருந்ததா?"

"இருந்தது."

"முழுசுக்கும்?"

"முழுசுக்கும் இருந்தது."

கல்லில் தோசையின் ஓரம் சிவந்துகொண்டிருந்தது.

"என் நல்லதுக்குத்தான் பண்ணேன்னு சொல்லிடாதே" என்றான்.

"சொல்லலை."

அவள் தோசையைத் திருப்பிப் போட்டாள். அவன் தட்டை எடுத்துக்கொண்டு வந்து கூடத்தில் உட்கார்ந்தான். மூன்று சாப்பிட்டான். கை அலம்பிவிட்டு, அனன்யாவுக்குக் கணக்குப் பரீட்சை, சீக்கிரம் போக வேண்டும் என்றான். அவள் அவனுக்கு மிளகாய்ப்பொடி கொஞ்சம் கட்டிக் கொடுத்தாள். செருப்பை மாட்டிக்கொண்டே, அடுத்த ஞாயிறு மாதவியையும் கூட்டிக்கொண்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனான். அடுத்த ஞாயிறு அவர்கள் வரவில்லை; அனன்யாவுக்குக் காய்ச்சல். அதற்கடுத்த ஞாயிறு வந்தார்கள்.